விருந்தும் பாடமும்

தின்பது மாணவர்கள், ருசி ஏறுவதோ பாடத்தில். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

காட்டு வைத்தியர்களுக்குப் புதிய சிகிச்சைகளைக் கற்றுக்கொடுக்கக் கொக்கு வகுப்பு நடத்திவந்தது. அங்கீகார முத்திரை கிடைக்காவிட்டால் வகுப்பை மூடவேண்டியதுதான். முத்திரையோடு சோதிக்க வந்த ஆமை, "மத்தியான விருந்து யார் உபயம்?" என்று கேட்டது.

"தேன் வியாபாரி கரடியண்ணன்தான். ஆனால் பாடத்தில் அவர் தலையிடுவதே இல்லை, ஐயா," என்றது கொக்கு.

காலில் முள் தைத்த குட்டி முயல் ஒன்றை ஆமை கூடவே அழைத்து வந்திருந்தது. "இதற்கு என்ன சிகிச்சை?"

"தேன் தடவுவோம்," என்றார்கள் வைத்தியர்கள் எல்லாரும் ஒரே குரலில்.

"அப்போ முள்ளு?" என்றது குட்டி.

"அதன் மேலேயே தடவலாம், கண்ணு," என்று குரங்கு வைத்தியர் தேன் கிண்ணத்தை நீட்டினார்.

ஆமை முத்திரையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதைக் கொக்கு ஒற்றைக் காலில் நின்று பார்த்தது.

குட்டி முயல் முள்ளைப் பல்லால் பிடுங்கிப் போட்டுவிட்டு, தேனை நக்கிக்கொண்டே வீட்டுக்குப் போனது.