இடது திரையின் வேகம்

"நூறு," என்றாள் நுபியா.

"சரி பார்த்தாச்சு," என்றேன் நான்.

அவ்வளவுதான். எதிரே ஓடிக்கொண்டிருந்த ஓடுபாதை அப்படியே நின்றுவிட்டது.

நிஜ ஓடுபாதை இல்லை. பொகோட்டாவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விமானிகளான எங்களை உட்காரவைத்துப் பரீட்சை நடத்தும் பயிற்சிக் கூண்டு. பின்னால் இருந்த தேர்வாளர் பெனுவேலா எதையோ தட்டி நிறுத்தியிருந்தார். இதில் தேறாவிட்டால் முப்பத்தோரு வருடம் பறந்த நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"கேப்டன் அர்போலேதா, உங்க திரையில வேகம் எவ்வளவு?"

என்ன கேள்வி இது! வேகம் நூறைத் தொட்டதும் துணை விமானி தன் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவன் தன் திரையோடு ஒத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சொன்னேனே.

"நூறு," என்றேன் எரிச்சலோடு.

"புறப்படறதுக்கு முன்னாடியே உங்க பக்கத்து வேகத்தை அணைச்சுட்டேன், கேப்டன். அங்க எண்ணே இல்ல."

திரையை உற்றுப் பார்த்தேன்.

என் கண்ணின் நடுவில் ஒரு மங்கல். ஓரமெல்லாம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. பழைய விமானங்களில் வட்ட மீட்டர் இருந்தது. முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தே ஓட்டிவிடுவேன். இந்தப் புது விமானத்தில் முள்ளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. திரையின் இடது ஓரத்தில் ஒரு பட்டை, அதில் உருளும் பொடி எண்கள். வாசித்தாக வேண்டும். டாக்டரின் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து ஒப்பித்த மாதிரி இதை ஒப்பிக்க முடியாது.

எட்டு மாதமாக எனக்காக வாசித்தவள் நுபியாதான். நூறு மட்டுமா, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு எண்ணையும் நான் கேட்காமலே சொல்வாள். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள். தெரிந்தும் மறைத்தவர்களுக்கும் லைசென்ஸ் போய்விடும். அதனாலேயே அவள் வாய் திறக்கமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புரிந்துவிட்டது, போட்டுக்கொடுத்தவள் இவள்தான்.

அவள் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்தவன். போன ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டுக் கோழி சூப்பை, "இன்னும் ஒரு கரண்டி, கொம்பாத்ரே" என்று அந்த ஞானத்தகப்பன் முறை சொல்லிக் கேட்டு வாங்கிக் குடித்தவள். வருகிற ஒன்றாம் தேதி முதல் அவளும் கேப்டன். கூடவே இருந்து குழி பறித்துவிட்டாள்!

பெனுவேலாவின் அறைக்குப் போகும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"என் சீட்டு மேல அவ்வளவு ஆசையா உனக்கு? கேட்டிருந்தா நானே எந்திரிச்சிருப்பேனே, பாவி!"

எழுந்திருக்கமாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஒண்ணாந்தேதியில இருந்து உங்க பக்கத்துல வேற ஆள், கொம்பாத்ரே. அவன் நூறு சொல்றதோட நிறுத்திப்பான். பின்னாடி எண்பது பேர் உக்காந்திருப்பாங்க."

"போதும். உன் புண்ணியக் கதையை வேற யார்கிட்டயாவது சொல்லு."

அறைக்குள் போனதும் சட்டைப் பையிலிருந்து என் லைசென்ஸை எடுத்து மேசையில் வீசினேன். அங்கே ஏற்கெனவே ஒன்று கிடந்தது. குனிந்து பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பாழாய்ப்போன மங்கல்தான் தெரிந்தது.

"இது யாரோடது?" என்று அவள் பக்கம் திரும்பிக் கேட்டேன். எட்டு மாதப் பழக்கம்.

அவள் வாசித்தாள்.

"நுபியா எர்சிலியா மொஸ்கேரா."