வெளிச்சம் கசியும் வளையம்

சாயங்கால வெயில் பட்டறைச் சன்னல் வழியே ரம்ப மேசைமேல் சரிந்து கிடக்கிறது. மேசையில் இரண்டு தள்ளுபலகைகள். கட்டையை வைத்து ரம்பத்துக்குள் தள்ளுகிற பலகைகள்தான். பழையது மரக் கடைசல்காரர் தாமே செய்தது, துண்டை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். புதியதில் அதற்கென்று ஓர் இரும்புப் பிடி இருக்கிறது. அவருடைய வலது கையில் பெரிய கட்டு. பழைய பலகையில் வெட்டும்போது மூன்று விரல்கள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. இனி வெட்டப்போகிறவள் மனைவி. எந்தப் பலகை என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவள் புதியதில் வெட்டிப் பார்த்த பன்னிரண்டு மரத்துண்டுகளைக் கிண்ணத்துக்கான வளையமாக்கி, ரப்பர் போட்டு இறுக்கி, சன்னலுக்கு நேரே தூக்குகிறாள். எத்தனை முறை திருகிச் சரிசெய்தும் கடைசி இணைப்பில் மயிரிழை வெளிச்சம் கசிகிறது.

“இந்த ஓட்டைய வச்சுக் கிண்ணம் கடைஞ்சா எவன் வாங்குவான்? பழசுலயே வெட்டு.”

“வாங்காட்டி போறான். உங்க சட்டைக்குப் பொத்தான் போட வீட்ல ஒரு முழுக் கையாவது வேணாமா?”

அவள் புதிய பலகையை ரம்பத்தின்மேல் ஏற்றுகிறாள். அவர், விரல் போன அன்றைக்குத் தாம் வெட்டிய துண்டுகளின் வளையத்தை இடக்கையால் எடுத்து வெயிலுக்குக் காட்டுகிறார். பன்னிரண்டாவது துண்டில் மட்டும் பழுப்பாய் ஒரு கறை. எந்த இணைப்பிலும் துளி வெளிச்சம் இல்லை. கையை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.