காது கேட்கும் ரோபோ

செவ்வாய்ப்பேட்டை ரிப்பேர் கடையில், வீடு பெருக்கும் ரோபோவை மேசைமேல் வைத்தாள் மைதிலி.

"இதுக்குள்ள இருக்கற மைக்கை மட்டும் கழட்டிருங்க. வெளிய தெரியக் கூடாதுங்க."

துபாயிலிருந்து கணவன் அனுப்பியது. அது வந்ததிலிருந்து அவள் பேசுவதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இனி அவனோடு வாழ முடியாதென்று நேற்று கதவைச் சாத்திக்கொண்டு போனில் அழுதாள். இன்று காலையில் அவன் கூப்பிட்டு, "வக்கீலப் பாக்கப் போறயாமா? ரோபோவுக்குக் காது கேக்கும்" என்று சிரித்தான்.

கடைக்காரர் செல்லமுத்து மூடியைக் கழற்றி, போர்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரி, மோட்டாரு, செவுத்துல முட்டாம இருக்க சென்சாரு, பீப்புனு கத்த ஒரு ஸ்பீக்கரு. அவ்வளவுதானுங்க. மைக்கும் இல்ல, கேமராவும் இல்ல."

"நல்லாப் பாருங்க. நாம்பேசறது அத்தனையும் அவருக்குத் தெரியுதுங்களே."

"யாருகிட்டப் பேசுவீங்க?"

"எங்கம்மாகிட்ட மட்டுந்தானுங்க" என்றவள், கழற்றி வைத்திருந்த மூடியை எடுத்துத் தானே ரோபோமேல் வைத்தாள்.

கைப்பையில் போன் அடித்தது. அம்மாதான்.

"எங்க இருக்கற, சாமி?"

"ஊட்டுலதாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். இனி மனசுவிட்டு அழுவதற்குக்கூட அவளுக்கு ஆளில்லை.