லொரெட்டாவின் வண்டி

மாலை வகுப்பில் மின்வேலை கற்ற துணிச்சலில், பக்கத்து வீட்டு லொரெட்டா தெருவில் ஓட்டும் கோல்ஃப் வண்டியிலிருந்த கிழட்டு பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய மின்சாரக் கார் ஒன்றின் லித்தியம் பேட்டரிகளைப் பொருத்தினேன்.

"இனி ஃபுளோரிடா முழுக்கச் சுத்தினாலும் நிக்காது மேடம்!"

மறுநாளே அடுத்த தெரு வெர்னான் அதைத் தன் வண்டியில் கட்டி இழுத்து வந்தார்.

"என்னப்பா இன்ஜினியர், பழையபடி என் வாசல்லயே படுத்துக்கிச்சே!"

தினமும் இதே கதை. ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தேன், பிழை அகப்படவில்லை. பிழையே நான்தான் என்று தோன்றியது.

"மன்னிச்சிடுங்க மேடம். பழைய பேட்டரியையே மாட்டிடறேன். வகுப்பையும் விட்டுடறேன்."

வெர்னான் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, லொரெட்டா கிசுகிசுத்தார்.

"விட்டுடாதேப்பா. உன் பேட்டரி பிரமாதம். முன்னெல்லாம் அவர் வாசல்ல வண்டி தானா நின்னுடும். இப்போ நான்தான் ஸ்விட்சை அணைக்க வேண்டியிருக்கு!"