பேச்சு நிற்கிற இடம்

"இன்று காலையிலிருந்து என்னவெல்லாம் செய்தீர்கள்?" என்று போன் கேட்டது.

"எந்திரிச்சேன். பல் தேய்ச்சேன்."

அப்புறம் வரவில்லை.

எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, காற்றில் தோசை வார்த்துக் காட்டினாள்.

"தோசை சாப்பிட்டேன்."

நியாயப்படி அம்மா அந்த அறையில் இருக்கவே கூடாது. போனோடு அவன் தனியாகத்தான் பேச வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நோய் திரும்புகிறது என்றால் முதலில் பேச்சில் தெரியுமாம். நடுவில் நின்றுபோகும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போகும். வீட்டு ஆட்கள் கவனிப்பதற்கு முன்னால் போனில் அவர்கள் போட்டுக்கொடுத்த இந்த ஆப் கண்டுபிடித்துவிடும். பேச்சு சரியாக இருந்தால் திரையில் பச்சை; சிவப்பு வந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். தேவைப்பட்டால் படுக்கவும் வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கோமுவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன் மறுபடியும் ஆஸ்பத்திரியில் என்று தெரிந்தால் அந்தக் கார் பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

அம்மா மேல் அவனுக்குக் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. கொஞ்ச நாளாக அப்படித்தான். குளித்தால் தண்ணீர் வேறு யார் மேலோ விழுகிறது.

போன் காத்திருந்தது.

போன தடவை யாருக்கும் தெரியாமலே முற்றிவிட்டது. தண்டவாளத்தில் நடந்துபோனவனை ரயில்வே கேட்காரர்தான் பிடித்து உட்காரவைத்தார்.

இன்றைக்கு அவன் அம்மா பக்கம் திரும்பவில்லை. பேச்சு நின்றால் நிற்கட்டும். சிவப்பு வரட்டும். யாராவது கூப்பிடட்டும்.

அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

மாடி. துணி. பால்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை. பாவமாக இருந்தது.

"மாடியில துணி காயப்போட்டேன். கடைக்குப் போயி பால் வாங்கினேன். காப்பி குடிச்சேன்."

பச்சை.

அம்மா அப்பாடா என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முறத்துக்குத் திரும்பினாள்.

அவன் சொல்லிவிட்டான்.

"அம்மா, மறுபடியும் காதுல பேச ஆரம்பிச்சிட்டாங்க."

கீரைக்குள் அம்மாவின் கை நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள்.

"பச்சதானய்யா காட்டுது?"

கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றான்.

தடுமாறாமல் வந்தது.