திங்கட்கிழமைக்குள்

மேற்குத் தாம்பரத்தில் பொய் கண்டறியும் பரிசோதனை மையம் நடத்தும் சுகுமாரிடம், அக்தர் தன் மனைவி தபஸ்ஸுமை அழைத்து வந்திருந்தான்.

“அவங்க போனைப் பார்த்தீங்களா?” என்றார் சுகுமார். மனைவியோடு வரும் கணவர்களிடம் அவர் முதலில் கேட்பது அதுதான்.

“போன்ல என்ன சார் தெரியும்? நேரா கேட்டா சிரிச்சிக்கிட்டே பொய் சொல்றா. திங்கட்கிழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“நீங்க சம்மதிச்சுத்தானே வந்தீங்கம்மா?”

“இவர் நிம்மதிக்காக வந்தேன் சார்.”

அக்தர் தன் கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். சுகுமார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தபஸ்ஸுமின் விரல்களில் கம்பிகளை மாட்டினார்.

“உங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி கொடுக்கச் சொல்லி, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்ல சார்.”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில்.

அக்தரை உள்ளே கூப்பிட்டார். “மெஷின் நூத்துக்கு நூறு சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா ‘இல்ல’ன்னு சொன்னப்பல்லாம் கோடு எகிறுது.”

“எங்க அம்மாவா?” என்று மனைவியைக் கேட்டான் அக்தர்.

தபஸ்ஸும் தலை நிமிரவில்லை. அவன் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான்.

“திங்கட்கிழமை ஆபரேஷன் வேணாம் மேடம். என் ஒய்ஃபோடது வேணாம். டயாலிசிஸே பண்ணிக்கிறேன். இறந்தவங்க கிட்னிக்குக் காத்திருக்கிற லிஸ்ட்ல என் பேரைப் பதிஞ்சுக்குங்க.”

அப்போதுதான் தபஸ்ஸுமுக்கு அழுகை வந்தது. “பயமா இருந்துச்சுங்க,” என்றாள்.

“எனக்கும்தான்,” என்றான் அக்தர்.