மூன்று முறை கூப்பிடுவார்கள்

பால் கட்டி மார் கல்லாக வலித்தது.

காலை ஐந்து மணிக்குக் கொடுத்தது. இப்போது பன்னிரண்டரை. துப்பட்டாவை மடித்துப் போட்டிருந்தாள். அதுவும் நனைந்துவிட்டது.

அரசு டாக்டர் வேலைக்குக் கலந்தாய்வு. தரவரிசைப்படி கூப்பிடுவார்கள். போய், திரையில் மிச்சமிருக்கும் ஊர்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

கடைசியில் எங்கோ தூரத்து ஊர்கள்தான் மிஞ்சும்.

அவள் 212. சிங்கம்பாளையம் திரையில் இன்னும் இருந்தது. அப்பா வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவரை விட்டால் ஆளில்லை.

கூடத்துக்குள் கைக்குழந்தைக்கு அனுமதியில்லை.

202 போய்க்கொண்டிருந்தது. இனித் தாங்காது.

"பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஓடி வந்துர்றேன்" என்றாள், பக்கத்து நாற்காலிக்காரனிடம். அவன் 211. தலையாட்டினான்.

கீழே, மாடிப்படிக்கு அடியில் அப்பா. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கிய தோளில் பேத்தி வீறிட்டுக்கொண்டிருந்தது. பிடுங்காத குறையாக வாங்கினாள். அப்பா துண்டை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிள்ளை கவ்வியது. வலியா சுகமா, தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

படிக்கு மேலே ஒலிபெருக்கி. எண்கள் ஓடின. ஆளுக்கு அரை நிமிடம்.

207. 209.

வலது பக்கம் இன்னும் கல்.

"இருநூத்திப் பதினொண்ணு."

அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"சார், மாவடிப்பட்டிக்கு பஸ் எப்படிங்க?" ஒலிபெருக்கியில் பக்கத்து நாற்காலிக்காரனின் குரல்.

"இருக்கு."

"கடைசி பஸ் எத்தனை மணிக்குங்க?"

கூடம் சிரித்தது. பிள்ளையை வலது பக்கம் மாற்றினாள்.

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியாங்க?"

"டாக்டர், சீக்கிரம்."

"சொல்லிர்றனுங்க சார். குவார்ட்டர்ஸுக்குள்ள பாம்பு வருமுங்களா?"

அப்பா ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் அம்மிணி, இந்தத் தம்பி என்ன, பொண்ணு பாக்க வந்தவனாட்ட கேட்டுட்டு நிக்குது?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

சிரிப்பில் உடம்பு குலுங்கியது. பிள்ளை வாயை எடுத்து அவளை முறைத்தது. மறுபடி கவ்வியது.

"இன்னொரு கேள்வி கேட்டா உங்களைக் கடைசிக்குத் தள்ளிருவேன்" என்றது அதிகாரியின் குரல்.

ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமும் சத்தம்.

பிறகு, "தண்ணி மட்டும் குடிச்சுக்கறனுங்க சார். தொண்டை வறண்டுருச்சு."

பிள்ளை கண்ணைச் செருகியது. அப்பா கையில் கொடுத்துவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மைக் முன்னால் அவன் பாட்டிலை அண்ணாந்து பிடித்திருந்தான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் குடித்துக்கொண்டிருந்தான்.

கதவருகே அவளைப் பார்த்தான்.

"மாவடிப்பட்டியே போட்டுருங்க சார்."

"இருநூத்திப் பன்னெண்டு."

மூச்சிரைக்கச் சொன்னாள். சிங்கம்பாளையம் திரையிலிருந்து மறைந்தது. அவளுக்கு வந்துவிட்டது.

"ஏழு நிமிஷம்! ஒரு ஊருக்கு ஏழு நிமிஷம் முழுங்கிட்டான்" என்று அதிகாரி கடிகாரத்தைத் தட்டினார்.

ஆணையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். நாற்காலி காலி. படியில் இல்லை. வாசலில் இல்லை. தெருவரை ஓடிப் பார்த்தாள்.

பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அவனுக்கு அவள் ஏழு நிமிடம் பாக்கி.